அறுபத்து நாலாவது பயனாளர்

தேவசகாயம் கட்டவேண்டிய பாக்கி நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு ரூபாய் முப்பத்தைந்து காசு. இந்தப் பணத்தை அவர் யாரிடமும் கைநீட்டி வாங்கியதில்லை. இதற்கு ஈடாக எதையும் தின்றதில்லை, உடுத்தியதில்லை. ஆனாலும் பாக்கி. காகிதத்தில் இருந்தது, காகிதத்துக்குக் கீழே முத்திரை இருந்தது, முத்திரைக்குக் கீழே ஒரு கையெழுத்தும் இருந்தது. அதற்கப்புறம் ஒரு மனுஷன் இல்லை என்று சொல்லி யார் நம்புவார்கள்?

இரண்டாயிரத்துப் பத்தாம் வருஷம், பொங்கல் முடிந்து நாலாம் நாள் அந்தக் கடிதம் வந்தது. தேவசகாயம் கடலூர் முதுநகரில் லாரி ஷெட்டில் மூட்டை தூக்குகிறவர். வயசு நாற்பத்தொன்பது, முதுகுக்கு மட்டும் எழுபது. முப்பத்தொன்றாம் வயசில் அறிவொளி வகுப்பில் உட்கார்ந்து எழுத்துப் படித்தவர். அதனால் அவர் படிக்கிற விதமே தனி. ஒரு எழுத்தைத் தூக்குவார், பக்கத்து எழுத்தோடு சாய்த்து வைப்பார், சரியாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார்.

அப்படித் தூக்கி வைத்துப் படித்ததில் தெரிந்தது இது: 'வீட்டுக் கணினித் தொலைச்செய்திச் சேவையின் பயனாளராகிய தாங்கள் 1989 செப்டம்பர் முதல் 2009 டிசம்பர் முடிய இருநூற்று நாற்பத்து நான்கு மாதங்களுக்கு, மாதம் ரூபாய் பதினைந்து வீதம், சந்தா செலுத்தத் தவறியுள்ளீர்கள்.' அதற்கு மேல் தாமதக் கட்டணம் நானூற்று ஐம்பத்திரண்டு ரூபாய் முப்பத்தைந்து காசு. அனுப்பியது, மஞ்சக்குப்பத்தில் இருக்கும் வீட்டுக் கணினித் தொலைச்செய்தி மீட்பு வாரியம். நகல், வங்கி மேலாளருக்கு.

"கம்ப்யூட்டரா?" என்றாள் சவரியம்மாள். அடுப்பில் இட்லிப் பானை. "எங்கய்யா வச்சிருக்க? இருபது வருஷமா இந்த ஒரு ரூம்புலதான் குடித்தனம் பண்றேன். என் கண்ணுல படல."

"நான் எங்க வாங்கினேன்?"

"அப்ப வேற எந்த வீட்டுல வச்சிருக்கன்னு சொல்லிடு. கோச்சிக்கமாட்டேன்."

அவள் கிண்டல் செய்தாலும் கை நின்றுபோயிருந்தது. காரணம் அந்த நகல். சவரியம்மாள் காலையில் தெருமுனையில் இட்லி போடுகிறாள். இட்லி வாங்க வருகிறவர்கள் எல்லாம் ஒரு வருஷமாக மாவு கேட்கிறார்கள். நாற்பதாயிரம் ரூபாய் வங்கிக் கடனில் பெரிய கிரைண்டர் ஒன்று வாங்கிவிட்டால், தேவசகாயம் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மாவு அரைக்கலாம். கல்லு சுத்தும், நான் உட்கார்ந்திருப்பேன் என்று அவர் ஷெட்டில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. உட்கார்ந்துகொண்டு பார்க்கிற வேலை என்று ஒன்று இருப்பதே அவருக்கு அதிசயம். கடன் அனுமதி ஆகிவிட்டது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் எந்த வாரியத்துக்கும் பாக்கி இல்லை என்று காட்டினால் பணம். அதற்குள்தான் இந்தக் காகிதம்.

மறுநாள் அவர் மஞ்சக்குப்பம் போனார். வாரியத்தின் வாசலில் மூன்று பலகைகள் இருந்தன. 'பயனாளர்கள் வரிசையில் வரவும்.' 'பயனாளர்கள் காலணிகளை வெளியே விடவும்.' 'பயனாளர்கள் சத்தம் போடாதிருக்கவும்.' வெளியே ஒரு செருப்புகூட இல்லை. தேவசகாயம் தன் ரப்பர் செருப்பைக் கழற்றி வைத்ததும் உள்ளேயிருந்து ஒரு பியூன் எட்டிப் பார்த்து, அந்தச் செருப்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

கண்காணிப்பாளர் ரேகா கடிதத்தை வாங்கிப் பார்த்தவர் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார்.

"நீங்கதான் தேவசகாயமா சார்? உயிரோட இருக்கீங்களா?"

அவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. அதனால் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. அதற்குள் அடுத்தடுத்த அறைகளிலிருந்து பதினொரு பேர் வந்து சுவரோரம் நின்றார்கள். ஒருவர் தொட்டுப் பார்க்கக் கை நீட்டி, விதியில் இடமிருக்கிறதா என்று தெரியாமல் மடக்கிக்கொண்டார்.

"ஆறு வருஷமா உங்களத் தேடறோம். லோனுக்காக பேங்குலேருந்து உங்க பேரு வந்ததும்தான் விலாசம் கெடச்சிது," என்றார் ரேகா.

விஷயம் இதுதான். எண்பத்தெட்டில் இந்தப் பக்கம் ஒரு சேவை நடந்தது. டி.வி.யில் மாட்டி, டேப்ரிக்கார்டர் கேசட்டு போட்டு ஓட்டுகிற வீட்டுக் கம்ப்யூட்டர் அப்போது வசதிக்காரர்கள் சிலரிடம் இருந்தது. டெலிபோனை அதோடு இணைத்தால் டி.வி.யில் முந்திரி விலை வரும், கடல் நிலவரம் வரும், புயல் சேதி வரும். மூன்று வருஷத்தில் சேவை நின்றுபோனது. பழைய பெட்டியை இன்னும் துடைத்து வைத்திருக்கும் நாலைந்து பேர் விடாமல் மனு எழுதியதில், இரண்டாயிரத்து நாலில் அதை மீட்க வாரியம் போட்டார்கள். மீட்கவேண்டுமானால் பழைய பயனாளர் ஒருவராவது தொடர்ந்து பயனாளராக இருக்கவேண்டும் என்று வாரியம் முதல் கூட்டத்திலேயே விதி எழுதிக்கொண்டது. பதிவேட்டில் மொத்தம் அறுபத்து நாலு பேர். அதில் அறுபத்து மூன்று பேர் சேவை நிற்பதற்கு முன்பே 'எங்களுக்கு வேண்டாம்' என்று கடிதம் எழுதி விலகிவிட்டார்கள். எழுதாதவர் ஒருவர்தான்.

"ஏன்னா அப்ப எனக்கு எழுதத் தெரியாதும்மா," என்றார் தேவசகாயம்.

"அதனாலதான் சார் எங்க எல்லாருக்கும் வேலை இருக்கு," என்றார் ரேகா. மனசாரச் சொன்னார்.

பழைய தாளை எடுத்துக் காட்டினார்கள். மேல்பாதி பெட்டி வந்து சேர்ந்த ரசீது. கீழ்ப்பாதி சேவையில் சேர விண்ணப்பம். தேவசகாயத்துக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஒரு டாக்டர் வீட்டுக்கு அட்டைப்பெட்டி தூக்கிப் போனார். வீட்டில் யாரும் இல்லை. லாரிக்காரன் அவசரப்படுத்தினான். தாளில் எங்கே வெள்ளையாக இருந்ததோ அங்கே கட்டைவிரலை உருட்டினார், பக்கத்தில் லாரிக்காரன் அவர் பேரை எழுதினான். வெள்ளையாக இருந்தது கீழ்ப்பாதி.

"நான் பெட்டி தூக்குனவன்மா. அது டாக்டரு பெட்டி."

"டாக்டரோட ரேகை எங்கயும் இல்லையே சார். ரேகை உங்களுது. அதுல சந்தேகம் இருந்தா இன்னொருதரம் உருட்டிப் பாத்துக்கலாம்."

விலகுகிறேன் என்று அங்கேயே ஒரு மனு எழுதினார். அறிவொளியில் படித்த குண்டு எழுத்து, ஒரு பிழை இல்லை. கீழே 'தே. தேவசகாயம்' என்று கையெழுத்துப் போட்டு நீட்டினார். ரேகா படித்துவிட்டு வருத்தமாகத் திருப்பிக் கொடுத்தார்.

"இது செல்லாது சார். பதிவேட்டின்படி நீங்க எழுதப் படிக்கத் தெரியாதவர்."

"இப்பதானேம்மா உங்க எதுருல எழுதினேன்."

"நான் பாத்தேன். பதிவேடு பாக்கலையே."

வேறு வழியில்லாமல் இயக்குநரிடம் அழைத்துப் போனார்கள். இயக்குநர் ராமாமிர்தம் மெலிந்த மனுஷர். மேசையில் மூன்று பேனா, மூன்றும் மூடி கழற்றாதவை. அவர் பேச ஆரம்பித்தால் எதிரில் ஒரு ஆளா, ஒரு கூட்டமா என்பதில் வித்தியாசம் பார்ப்பதில்லை.

"உக்காருங்க தேவசகாயம். ஒரு சேவைன்னா அதுக்கு மூணு வேணும். வாரியம் வேணும், விதி வேணும், பயனாளர் வேணும். சேவைங்கிறது நாலாவதா வர்றது, அது வந்தா வரட்டும். இந்த ஆறு வருஷத்துல நாங்க சும்மா இருந்தோம்னு யாரும் சொல்லமுடியாது. மொத ரெண்டு வருஷம் முத்திரை வடிவமைச்சோம். அப்புறம் பழைய கம்ப்யூட்டர் எப்படி இருக்கும்னு பாக்க நாலு அதிகாரிங்க சிங்கப்பூர் போனோம். அங்க எல்லாமே புதுசா இருந்துச்சி. ஒண்ணுகூடப் பழசு இல்லன்னு திரும்பி வந்து எழுபது பக்கம் அறிக்கை குடுத்தோம். அந்த அறிக்கைக்கு விருது வந்துச்சி. இப்ப செலவு முப்பத்தெட்டு லட்சம். அதுல ஒரு பைசா வீண் இல்ல. ஏன்னா சேவைன்னு ஒண்ணு இன்னும் ஆரம்பிக்கல. ஆரம்பிச்சிருந்தா அதுலதான் வீணாகியிருக்கும்."

"அய்யா, நான் விலகணும்."

"தாராளமா. யாரையும் நாங்க கட்டிப்போடல. விதி பதினாலு. விலக விரும்பும் பயனாளர், சேவையோட ஏழாம் திரையில விலகல் கட்டளையத் தானே தட்டச்சு பண்ணணும்."

"சேவைதான் ஓடலையே."

"ஓட ஆரம்பிச்சதும் தட்டலாம்."

"மத்த அறுபத்து மூணு பேரும் லெட்டர் எழுதித்தானே விலகுனாங்க?"

"அப்ப சேவை ஓடிக்கிட்டிருந்துச்சி. ஓடற சேவையிலேருந்து லெட்டர் போட்டு விலகலாம். நின்னுபோன சேவையிலேருந்து விலகணும்னா திரை வழியாத்தான் முடியும். அதான் இருக்கிற ஒரே பாதுகாப்பு. இல்லன்னா நின்னுபோன சேவையிலேருந்து எல்லாரும் விலகிடமாட்டாங்களா?"

தேவசகாயம் தலையாட்டினார். தலைமேல் கனம் ஏறும்போது கழுத்தை எப்படி வைத்துக்கொள்ளவேண்டும் என்று அவருக்குப் பழக்கம் உண்டு.

சரி, கட்டித் தொலைத்துவிடலாம் என்று சவரியம்மாள் கம்மலைக் கழற்றினாள். அடகு வைத்த பணத்தோடு இரண்டு பேரும் போனார்கள். காசாளர் பணத்தை எண்ணி, வைத்து, மறுபடி எடுத்து அவர்கள் கையிலேயே கொடுத்தார். பாக்கி ஏற்பட்டது தென்னாற்காடு மாவட்டத்தில். இப்போது இருப்பது கடலூர் மாவட்டம். தென்னாற்காட்டுப் பாக்கியைக் கடலூர் ரசீதில் வரவு வைத்தால் தணிக்கையில் கேட்பார்கள்.

"அந்த மாவட்டம்தான் இப்ப இல்லையேப்பா," என்றாள் சவரியம்மாள்.

"பாக்கி இருக்குதேம்மா," என்றார் காசாளர்.

வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொள்ளும்போது அவள் சொன்னாள். "யோவ், உனக்கு இப்ப ஒரே வழிதான். அந்த எழவு சேவைய அவனுங்க ஆரம்பிக்கணும். நீ போயி ஏழாவதுல தட்டிட்டு வரணும்."

இப்படியாக, வாரியம் மீட்கவேண்டும் என்று உள்ளபடியே விரும்புகிற ஆள் கடலூர் மாவட்டத்தில் ஒருவர் உண்டானார். தினம் சாயந்திரம் ஷெட்டிலிருந்து நேராக மஞ்சக்குப்பம் போய், எப்போ ஆரம்பிக்கிறீங்க என்று கேட்டுவிட்டு வந்தார். ராமாமிர்தம் இதை 'பொதுமக்களிடையே பெருகும் ஆர்வம்' என்று மாத அறிக்கையில் எழுதினார்.

பிப்ரவரியில் பயிற்சி வந்தது. பயனாளருக்குப் பயிற்சி கொடுக்காமல் சேவை தொடங்கக்கூடாது. சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று நாள். பயிற்சியாளர்கள் பதினாலு பேர், பயிற்சி பெறுகிறவர் ஒருவர். மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு தேவசகாயம் பஸ் ஏறினார்.

முதல் நாள் வரலாறு. இரண்டாம் நாள் எப்படி உட்காருவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். அது மட்டும் அவருக்குப் பிடித்திருந்தது. கம்ப்யூட்டர் எங்கேயும் காணோம். கேட்டதற்கு, ஆரம்பத்திலேயே காட்டினால் பயனாளர் மிரண்டுவிடுவார் என்று ஆய்வு சொல்கிறது என்றார்கள். யாரை ஆய்வு செய்தீர்கள் என்று கேட்டார். பயனாளர் கிடைக்காததால் பயிற்சியாளர்களையே செய்ததாகச் சொன்னார்கள்.

டீ குடிக்க வெளியே வந்தபோது வாசலில் ஒருவர் விண்ணப்பத்தோடு நின்றிருந்தார். முப்பத்தைந்து வயசிருக்கும். பெயர் செம்பியன். தெற்கு வீதியில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறார்.

"அண்ணே, நீங்கதான் அந்தப் பயனாளரா? உங்கள ஒருதரம் பாக்கணும்னு இருந்தேன். நான் நாலுதரம் அப்ளை பண்ணிட்டேன். 'பழைய பயனாளர் அல்ல'ன்னு நாலுதரமும் திருப்பிட்டாங்க."

"உங்களுக்கு இன்னாத்துக்குத் தம்பி இது?"

"எங்கப்பா வாங்குனது அண்ணே. கீபோர்டுதான் கம்ப்யூட்டரு, டி.வி.ல மாட்டணும். அதுலதான் நான் எல்லாம் கத்துக்கிட்டேன். என்ன மாதிரி பன்னெண்டு பேரு இருக்கோம். மெட்ராசு, பாண்டிச்சேரி, ஒருத்தரு கோலாலம்பூர். பழைய பொட்டிய வச்சிக்கினு சும்மா பாத்துக்கினு இருக்கோம். சேவை இருந்தா ஒருத்தருக்கொருத்தர் அதுலயே பேசிக்கலாம் இல்ல?"

"வாரியந்தான் ஆரம்பிக்கப்போவுதே."

செம்பியன் சுற்றுமுற்றும் பார்த்தார். "வாங்க, ஒண்ணு காட்டறேன்."

பிரவுசிங் சென்டருக்குப் பின்னறையில் பழைய டி.வி. ஒன்று. அதன் எதிரில் சாம்பல் நிறத்தில் ஒரு கீபோர்டு, ஓரத்தில் டேப்ரிக்கார்டர். சேவையின் பழைய கேசட்டுகளைக் காயலான் கடையில் பொறுக்கி, இன்டர்நெட்டில் ஏதோ இணைத்து, பதினெட்டு நாளில் செம்பியன் அதை ஓட வைத்திருந்தார். வாரியத்துக்கு எழுதியும் போட்டார். அனுமதியின்றி ஓடுகிற எதையும் ஓடுவதாக ஏற்க இயலாது என்று பதில் வந்தது.

டி.வி.யில் புள்ளி புள்ளியாகத் தமிழ் எழுத்து வந்தது. தேவசகாயம் கிட்டே போய் நின்று எழுத்தெழுத்தாகப் படித்தார். 'காடாம்புலியூர் முந்திரி, முதல் ரகம், வரத்து இரண்டு லாரி.' எண்பத்தொன்பதாம் வருஷத்துச் சேதி.

"இந்த ரெண்டு லாரிய நான்தான் எறக்கியிருப்பேன்," என்றார்.

"பேரு அடிங்க அண்ணே."

எந்தப் பொத்தான் எந்த எழுத்து என்று செம்பியன் காட்டக் காட்ட, ஒற்றை விரலால் தட்டினார். கால்மணி நேரம் பிடித்தது. திரையில் அவர் பெயர் பச்சையாக எரிந்தது. வகுப்பில் சிலேட்டில் எழுதியிருக்கிறார், மனுவில் எழுதியிருக்கிறார். வெளிச்சத்தில் எழுதியதில்லை. அப்புறம் ஒவ்வொரு திரையாகப் போய் ஏழாம் திரைக்கு வந்தார்கள். விலகல் கட்டளை அங்கே இருந்தது. தட்டினார். 'விலகல் ஏற்கப்பட்டது. நன்றி' என்று வந்தது. செம்பியன் அதை அச்செடுத்துக் கொடுத்தார்.

கடலூர் திரும்பியதும் அந்தத் தாளை ரேகாவின் மேசையில் வைத்தார். ரேகா அதைப் பார்த்தார். அப்புறம் ஒரு தடிமனான புத்தகத்தைப் பார்த்தார். அப்புறம் கால்குலேட்டரை எடுத்தார்.

"இது அங்கீகாரம் இல்லாத சேவை சார். அதுல விலகினது செல்லாது."

"சரிம்மா."

"ஆனா பயன்படுத்தினது செல்லும். அங்கீகாரம் இல்லாத சேவையப் பயன்படுத்தினதுக்கு அபராதம் ஐந்நூறு. ஏழு திரை பாத்திருக்கீங்க, திரைக்கு இருபத்தஞ்சி வீதம் நூத்தி எழுபத்தஞ்சி. மார்ச்சு முடிய மூணு மாசச் சந்தா நாப்பத்தஞ்சி. மொத்தம் நாலாயிரத்து எண்ணூத்தி முப்பத்திரெண்டு ரூவா முப்பத்தஞ்சி காசு."

அந்த முப்பத்தைந்து காசு மட்டும் எந்தக் கணக்கிலும் அசையவேயில்லை. அதற்கு அப்படி ஒரு உறுதி.

அன்றைக்கு அவர் வீட்டுக்குப் போனபோது சவரியம்மாள் கல்லுரலில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். அவர் உட்கார்ந்து குழவியை வாங்கிக்கொண்டார். பத்துச் சுற்றுக்குள் முதுகு பிடித்துக்கொண்டது. அவளே திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"தொடக்க விழா என்னைக்கு?"

"மார்ச்சு முப்பது."

"மறுநாளு பேங்குல கடைசி நாளு. அன்னைக்கே தட்டிட்டு அன்னைக்கே பேப்பரு வாங்கிடு. விட்டன்னா அப்புறம் நீ மூட்டைதான், நான் கல்லுதான்."

மார்ச் முப்பது வந்தது. வாரியத்தின் கூட்ட அறை நீளமான பழைய கட்டடம். வாசல் ஒன்றுதான். இன்னொரு வாசல் இருந்தது. அதில் ஆறு வருஷத்துக் கோப்புகளை அடுக்கி, சுவர் என்று எல்லோரும் நினைக்கும்படி ஆகிவிட்டிருந்தது. சென்னையிலிருந்து தலைமை ஆணையர் வந்து மேடையில் உட்கார்ந்தார். அவருக்கு இளநீர் கொடுத்தார்கள். வெயில் என்று இன்னொன்று கொடுத்தார்கள். நாதஸ்வரம் வாசித்தார்கள்.

சேவையின் மூலக் கணினி, பீரோ அளவு இரும்புப் பெட்டி, பக்கத்துக் கிடங்கில் இருந்தது. நல்ல நேரம் பத்தரைக்கு மேல்தான் என்பதால் அதற்கு முன் அது உள்ளே வரக்கூடாது. தூக்குகிறதற்குக் கூலி எந்தத் தலைப்பில் போடுவது என்று தெரியாததால், 'பயனாளர் பங்களிப்பு' என்று போட்டு தேவசகாயத்தையே தூக்கச் சொல்லிவிட்டார்கள். அவர் ஷெட்டிலிருந்து கலியமூர்த்தியையும் இன்னும் இரண்டு பேரையும் கூட்டி வந்தார். இன்னொரு விஷயம், சிறப்பு விருந்தினரும் அவர்தான். கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டு, தோளில் உருட்டுக்கட்டையைக் கொடுத்தார்கள்.

"மாமா, கல்யாண மாப்பிள்ள மாதிரி இருக்க," என்றான் கலியமூர்த்தி. "பொண்ணுதான் கொஞ்சம் கனம் ஜாஸ்தி."

கயிறு போட்டு, நாலு பேரும் தோள் கொடுத்து எழுந்தார்கள். நாலடி நடந்ததும் கலியமூர்த்தியின் முகம் மாறியது. தேவசகாயத்துக்கும் தெரிந்துவிட்டது. இரும்பு தோளில் உட்காருகிற விதம் வேறு. இது உள்ளே கரகரவென்று நகர்ந்து, ஒன்றோடு ஒன்று மோதி உட்கார்ந்தது. முப்பது வருஷம் தோளில் ஏற்றிய சங்கதி.

"மாமா, இது செங்கல்லு."

"பேசாம நட."

கூடவே நடந்து வந்த பியூனிடம் தேவசகாயம் மெதுவாகக் கேட்டார். பியூன் மறைக்கவில்லை. உள்ளே இருந்ததை எலி தின்றதோ எவன் தின்றானோ, காலியாகிவிட்டது. இருப்புப் பதிவேட்டில் எடை முந்நூற்று நாற்பது கிலோ என்று இருக்கிறது. போன தணிக்கையில் தராசு கொண்டுவந்துவிட்டார்கள். எடை சரியாக வரவேண்டுமே என்று செங்கல் வைத்தார்கள். தணிக்கையில் பாராட்டி எழுதியிருந்தது.

"அப்ப இது ஓடாதா?"

"செங்கல்லு எப்பிடிண்ணே ஓடும்?"

தேவசகாயம் மேலே நடந்தார். செங்கல்லில் ஏழாம் திரை வராது. இன்றைக்கும் வராது, நாளைக்கும் வராது. நாளைக்குத்தான் கடைசி நாள். வாசலுக்கு வந்தாயிற்று. முன்னால் போன இரண்டு பேர் நிலைப்படியைத் தாண்டி உள்ளே போய்விட்டார்கள், பின்னால் இவரும் கலியமூர்த்தியும் வெளியே. பெட்டி சரியாக வாசலுக்கு நடுவில்.

"எறக்கு," என்றார்.

சுமைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கூலித் தகராறு வந்தால் கத்தமாட்டார்கள், கல்லெடுக்கமாட்டார்கள். சுமையை நிலைப்படியில் இறக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். உள்ளேயும் சேராது, வெளியேயும் சேராது. சேதாரமும் கிடையாது, அதனால் போலீசும் கிடையாது. கணக்கு தீர்ந்தால்தான் தோள் எழும்பும். எந்த ஊர் முதலாளியும் அரைமணி நேரத்துக்கு மேல் தாங்கியதில்லை.

கலியமூர்த்திக்கு வேறு சொல்ல வேண்டியிருக்கவில்லை. முந்நூற்று நாற்பது கிலோவும் நிலைக்கு நிலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. தேவசகாயம் மாலையோடு பக்கத்தில் உட்கார்ந்து துண்டால் முகம் துடைத்தார்.

"இன்னா ஆச்சி?" என்று உள்ளேயிருந்து ராமாமிர்தத்தின் குரல் வந்தது. பெட்டிக்கு மேலே இருந்த சந்தில் அவர் நெற்றி மட்டும் தெரிந்தது.

"பாக்கிய எழுதிக் குடுங்கய்யா. எடுத்துடறோம்."

"விழா நடக்குது தேவசகாயம். மனு குடுங்க, பரிசீலிக்கறோம்."

"எனக்குத்தான் எழுதத் தெரியாதேய்யா. பதிவேட்டுல இருக்குது."

ராமாமிர்தம் உள்ளே திரும்பி, ஒலிபெருக்கியிலேயே பேச ஆரம்பித்தார். தள்ளுபடி என்பது சாதாரண விஷயம் அல்ல. கோப்பு எழுதவேண்டும், கோப்பு சென்னை போகவேண்டும், சென்னையில் அதற்கென்று குழு அமைக்கவேண்டும், குழு அமைக்கக் கோப்பு எழுதவேண்டும். தவிரவும் இந்தப் பாக்கிதான் வாரியத்தின் ஒரே சொத்து. வரவேண்டிய தொகை ஒன்று இருப்பதால்தான் இது ஒரு நிறுவனம். அதைத் தள்ளிவிட்டால் நாம் எல்லோரும் எதற்காக இங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது?

கைதட்டினார்கள். பயிற்சியாளர்கள் பதினாலு பேரும் முன்வரிசையில் இருந்தார்கள்.

கால்மணி நேரம் போயிற்று. உள்ளே ஆணையர் முதலில் கால்மேல் கால் போட்டார். அப்புறம் எடுத்தார். அப்புறம் எழுந்து நின்று, கழிவறை எங்கே என்று கேட்டார். வெளியே என்றார்கள். இரண்டு இளநீரின் கனம் அவர் முகத்தில் தெரிந்தது. நாலு பயிற்சியாளர்கள் ஓடி வந்து பெட்டியை உள்ளேயிருந்து தள்ளிப் பார்த்தார்கள். அது மூச்சுகூட விடவில்லை. எப்படித் தூக்குவது என்பது பயிற்சியில் இல்லை.

ஆணையர் பெட்டியருகில் வந்தார். பேச்சு சுருக்கமாக வந்தது. "எவ்ளோ பாக்கி?"

"நாலாயிரத்து எண்ணூத்தி முப்பத்திரெண்டு ரூபா முப்பத்தஞ்சி காசு சார்," என்றார் ரேகா.

"ராமாமிர்தம், ஐயாயிரம் வரைக்கும் தள்ளுபடி பண்ண உங்களுக்கே அதிகாரம் இருக்கே. நான்தான் ஆர்டர் போட்டேன். ரெண்டாயிரத்து நாலுல."

நாதஸ்வரக்காரர்கூட சீவாளியைத் துடைப்பதை நிறுத்தினார்.

"இருக்குதுங்க சார்," என்றார் ராமாமிர்தம். "விதி எண்ணு சொல்லி இதுவரைக்கும் யாரும் கேக்கல."

"இப்ப நான் கேக்கறேன். சீக்கிரம்."

மேசையிலிருந்து சட்டைப்பைக்கு வந்திருந்த மூன்று பேனாவில் ஒன்று முதல்முறையாக மூடி கழன்றது. அது எழுதவில்லை. இரண்டாவதும் எழுதவில்லை. ரேகா தன் பேனாவைக் கொடுத்தார். ஒலிபெருக்கி ஓடிக்கொண்டிருந்ததை மறந்து ராமாமிர்தம், "இவரு போயிட்டா அறுபத்து நாலும் காலிம்மா, பழைய பயனாளர் ஒருத்தரப் புதுசா உண்டாக்க ஒரு குழு போட்டுடு" என்று ரேகாவிடம் சொன்னது தெரு வரைக்கும் கேட்டது. தெருவில் தன் ஐந்தாவது விண்ணப்பத்தோடு நின்றிருந்த செம்பியன் அதைக் கேட்டு, விண்ணப்பத்தை நாலாக மடித்து வெற்றிலைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். சாயந்திரம் ஆறு மணிக்குப் பின்னறைத் திரையில் அந்தக் கோலாலம்பூர்க்காரர் வருவார். அவரிடம் சொல்ல நிறைய இருந்தது.

உத்தரவு பெட்டியின் மேல் சந்து வழியாக வெளியே வந்தது. பச்சை மையில் கையெழுத்து, வட்ட முத்திரை.

"எடுங்கப்பா," என்றார் ஆணையர்.

"படிச்சிட்டு எடுக்கறேங்கய்யா."

தேவசகாயம் தாளை மடியில் விரித்தார். முதல் எழுத்தைத் தூக்கினார். பக்கத்து எழுத்தோடு சாய்த்தார். உள்ளே ஆணையர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டிருந்தார். ரேகா, நான் வேணா படிச்சிக் காட்டட்டுமா சார் என்றார். வேண்டாம்மா என்றார். மூன்றாவது வரியில் விரல் நின்றது.

"அம்மா, நாலாயிரத்து எண்ணூத்தி முப்பத்திரெண்டு ரூவான்னுதான் இருக்குது. முப்பத்தஞ்சி காசு விட்டுப்போயிருக்கே."

"அது போவட்டும்யா," என்று ஆணையர் பல்லைக் கடித்தார்.

"போவாதுங்கய்யா. அது நிக்கும். எனக்குத் தெரியும்."

தாள் உள்ளே போயிற்று. முப்பத்தைந்து காசு சேர்க்கப்பட்டு, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டு வெளியே வந்தது. தேவசகாயம் மறுபடி முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தார். திருத்திய தாள் என்பது புதுத் தாள்தானே. கலியமூர்த்தி பீடி ஒன்றைப் பற்றவைத்து முக்கால்வாசி குடித்து முடித்தான். கடைசி வரியில் 'முழுமையாகத் தள்ளுபடி செய்து கணக்கு முடிக்கப்பட்டது' என்று இருந்தது. அந்த வரியை மட்டும் வாய்விட்டுப் படித்தார். தாளை நாலாக மடித்து, மாலையைக் கழற்றிப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு எழுந்தார்.

"உள்ளயா மாமா, வெளியவா?" என்றான் கலியமூர்த்தி.

"அவுங்க பொருளு. உள்ளயே வச்சிடுவோம்."